சாம்பல் நிறப் பட்டு

அன்பு மகன் விஜயபாண்டிக்கு, போடியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே யார் உடம்புக்கும் குறைவில்லை, மனசுக்குத்தான் சரியில்லை. கனடாக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா? போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

உன் தங்கச்சி பவதாரணிக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கத் தேவாரத்து மாப்பிள்ளை வீட்டாரோடு மதுரைக்குப் போனோம். கடையையே பிரித்துப் போட்டும் இவள் கை சாம்பல் நிறத்தில்தான் போய் நின்றது. நல்ல காரியத்துக்கு யாராச்சும் இந்தக் கலரு எடுப்பாகளா என்று சம்பந்தியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனாலும் அதையேதான் எடுத்து வந்தோம். திருவிழாவுக்குக் கிளிப்பச்சைப் பாவாடைதான் வேண்டும் என்று தெருவில் புரண்ட பிள்ளை, உனக்குத்தான் தெரியுமே. மாப்பிள்ளை பேசி முடித்ததிலிருந்து சுடிதார், செருப்பு, போன் உறை எல்லாமே சாம்பல்தான். மனசை மூடி வைக்கிறவர்கள்தான் இந்த நிறத்துக்குப் போவார்கள் என்று போன் வீடியோவில் ஒரு டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் பேஷன், நீ கண்டதையும் பார்த்துக் குழம்பாதே என்று அதட்டிவிட்டு, மறுநாளே போய் ஏலக்காய்ப் பச்சையில் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். சோலி முடிந்தது என்கிறார். வெளுத்த ஏலக்காய்க்குச் சாயம் ஏற்றி எவனாவது நம் கடைக்குக் கொண்டுவந்தால் மூட்டையை இறக்கவிடாமல் திருப்பி அனுப்புகிற மனுசன், பெற்ற பிள்ளைக்கு அந்தச் சாயத்தையேதான் ஏற்றியிருக்கிறார்.

நேற்று தலை பின்னிவிடும்போது, பச்சை பிடித்திருக்கிறதா ஆத்தா என்று கேட்டேன். கலரு பிடிச்சிருக்கா, கரை பிடிச்சிருக்கான்னு எல்லாரும் கேட்டீக, மாப்பிள்ளை பிடிச்சிருக்கான்னு ஒருத்தரும் கேக்கலையேம்மா என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் நல்லவர்தானாம், இவளுக்குத்தான் மனசு ஒட்டவில்லையாம். நான் சொன்னால் அப்பா என் மேல் பாய்வார், நீ சொன்னால் காது கொடுப்பார். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்குள் வெரசாப் பேசு அப்பு. சத்தம் போட்டால் பொறுத்துக்கொள், போனை வைத்துவிடாதே.

பரமசிவன் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. தைக்கிற ஜாக்குலின் ரெண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டாள். ரவிக்கைத் துணியை நான் இன்னும் வெட்டக் கொடுக்கவில்லை.

உன் அம்மா,
மகாராணி