பின்னால் சாய்ந்த எழுத்துகள்

என் அருமை அத்தானுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. சாலைக் கடைத்தெருவில் நம் அச்சுக்கூடம் நடக்கிறது. யுத்தம் முடிந்தும் காகிதம் தாராளமாகக் கிடைக்கவில்லை. நோட்டீஸ் எல்லாம் இன்னும் அரைத்தாளில்தான். அக்கா சுகமாக இருக்கிறாள். ஆனால் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அதற்கான காரணத்தை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காகிதம் சுருங்கிய புதிதில் நாடக கம்பெனிக்காரர் வந்தது ஞாபகம் இருக்கிறதா? நாடகத்தின் பெயர் அரைத்தாளில் ஒரே வரியில் வர வேண்டும், சுவரில் ஒட்டினால் எதிர்க் கடையிலிருந்து வாசிக்க வேண்டும் என்றார். மதராஸிலிருந்து ஈய எழுத்து வரவழைக்கலாம் என்றேன் நான். நீங்கள் பலாக்கட்டையில் புதிதாக வெட்டுவதாகச் சொன்னீர்கள். தடித்த எழுத்து, ஒடுங்கிய எழுத்து, போதாததற்கு வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.

"ஒடுக்கி நேரா நிறுத்தினா ஜன்னல் கம்பி மாதிரி வெறச்சு நிக்கும்டே. கொஞ்சம் சாய்ச்சா ஓடும்" என்றீர்கள். நான் விடாமல் வாதாடினேன். வேலையாட்கள் எல்லாரும் நிற்கும்போது, "ஒனக்கு எடுத்து அடுக்கத்தான் தெரியும். வெட்டுகவனுக்கில்லா அதோட பாடு தெரியும்" என்று சொல்லிவிட்டீர்கள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

சித்திரையில் வெட்டத் தொடங்கினீர்கள். 'ண' ஒன்றுக்கே நாலு நாள். ஒடுக்கினால் மூன்று சுழியும் ஒட்டி மை அடைத்துக்கொள்ளும் என்று, உள்கோட்டை மெலிதாக்கி வெளிக்கோட்டை மட்டும் தடிப்பாக விட்டீர்கள். அதைப் பார்த்து மனசுக்குள் பாராட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

அச்சுக்கு எழுத்தைக் கட்டையில் இடம் வலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். இருபது வருஷம் நேரெழுத்தே வெட்டிய கை உங்களுடையது. அது உருவத்தை ஒழுங்காக மாற்றியது. சாய்வை மாற்ற மறந்துவிட்டது. கட்டையில் வலப்பக்கம் சாய்ந்தது தாளில் இடப்பக்கம் அல்லவா சாயும்?

அத்தான், பத்தாவது எழுத்திலேயே நான் பார்த்துவிட்டேன்.

தலைகீழ் எழுத்தையே நாளெல்லாம் வாசிக்கிற எனக்குத் தெரியாமலா போகும்? நாளைக்குச் சொல்லலாம், தானே கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு நாள் இருந்தேன். பிறகு இன்னொரு நாள். ஐம்பது எழுத்து ஆனதும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்ற பயம் வந்தது. முழு செட்டும் முடித்துப் பூஜை வைத்து எடுக்காமல் மை தொட மாட்டீர்கள். ஆகவே விஜயதசமி வரைக்கும் உங்களுக்கு அது தெரிய வழியில்லை.

அன்றைக்குத்தான் முதல் தாளை எடுத்தோம். பஸ் சட்டென்று கிளம்பியதும் நிற்கிறவர்கள் சாய்வார்களே, அதுபோல அத்தனை எழுத்தும் பின்னால் சாய்ந்து நின்றது. கம்பெனிக்காரர், "கொள்ளாமே! இப்பிடி ஆரும் சாய்ச்சதில்லையே" என்று மெச்சிச் சிரித்தார். ஒட்டிய இடமெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"கண்ணுக்குக் கொறவில்லடே. கண்ணு பாக்குறத புத்தி வாங்கல்ல. எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கிச்சு. வெட்டினது மதி, போதும்" என்று உளிகளுக்கு எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்தீர்கள். உங்கள் அப்பா கடைசியில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவர். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்குப் பின் இரண்டு வருஷம் கவர் மடித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தீர்கள். எதையும் நீங்கள் மறக்கவில்லை. கடைசியில் உங்களைக் கொண்டுபோனது வெறும் காய்ச்சல்.

போன வாரம் நாகர்கோவிலிலிருந்து ஓர் அச்சுக்கூடத்துக்காரர் வந்தார். அந்த எழுத்தைப்போல ஒரு செட் தனக்கும் வேண்டும் என்றார். அக்கா, "அவுக புத்தி தளந்த நேரத்துல வெட்டினதுல்லா" என்று அவரிடம் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. அவர் போனதும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நீ பாத்தப்போ எத்தன எழுத்து வெட்டியிருந்தாக?" என்று கேட்டாள்.

"பத்து."

"மொத்தம்?"

"இருநூத்திச் சில்லற."

"தெனமும் காலம்பற எங்கிட்ட வந்து, இன்னைக்குச் செவ்வாய்தானே, இன்னைக்குப் புதன்தானேன்னு கேப்பாக. தப்பாயிருமோன்னு பயந்து பயந்து கேப்பாக. எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமாடே? எல்லாருக்கும் சொல்லு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

கிழமை கேட்ட விஷயம் எனக்கு அன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. என்னை நான் நம்பவில்லை.

இந்தக் கடிதத்தை நானே அடுக்கி அச்சிடுகிறேன். உங்களைத் தெரிந்த ஒவ்வொரு வீட்டிலும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர்கள் வாசித்து முடிக்கும் வரை வாசலில் நிற்பேன். இது என் சத்தியம்.

உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை, அத்தான். கடைசிவரை ஒன்றும் ஆகவில்லை.

பார்த்தும் சொல்லாத உங்கள் மச்சினன்,
சிதம்பரம்