பெயர்நாளும் மூன்றாவது விகுதியும்

அன்பே (கைப்பழக்கம், வேறொன்றும் இல்லை),

நேற்று உன் பெயர்நாள், நாட்காட்டியில் உன் பெயர் போட்டிருக்கும் நாள். நம் செகெட் ஊரில் பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, அவர்களே வந்து நிற்பார்கள். வியன்னாவுக்குப் போன அவசரத்தில் நீ மறந்திருப்பாய். நானும் மறந்துவிட்டேன். மாலையில் படிக்கட்டு முழுக்க ஆட்கள், கையில் ஒயின் பாட்டில்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்த மாதம் நம் ஹங்கேரிய மொழியின் ‘இருந்து’ விகுதிகளை நடத்துகிறேன். பெட்டிக்குள்ளிருந்து எடுத்தால் ஒன்று, மேசை மேலிருந்து எடுத்தால் இன்னொன்று. ஒரு ஆளிடமிருந்து விலகினால் மூன்றாவது. அதை மட்டும் அடுத்த வகுப்பு, அடுத்த வகுப்பு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

“எங்கடி உன் புருஷன்? அவன் பேரைச் சொல்லிக் குடிக்க வந்தா அவனையே காணோம்!” என்றாள் எதிர்வீட்டு பிரோஷ்கா அக்கா.

“வீட்டுலருந்து கிளம்பிட்டாருக்கா.”

“எல்லாரும் வீட்டுலருந்துதான் கிளம்புறாங்க. எப்ப வருவான்?”

“என்கிட்டருந்து போயிட்டாருக்கா.”

வகுப்பில் சொல்வதுபோலத் தெளிவாகத்தான் வந்தது.

அக்கா நேராக என் அடுப்படிக்குப் போய் மாவு பிசைந்தாள். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாதாம். போகாச்சா ரொட்டி வெந்து, தின்று முடிக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இன்று மூன்றாவது விகுதியை நடத்திவிட்டேன்.

உனக்கு வந்த பாட்டில்கள் அப்படியே இருக்கின்றன. வந்து எடுத்துக்கொண்டு போ. சாவி உன்னிடம் இருந்தாலும் மணி அடி.

இப்படிக்கு,
இந்த வீட்டில் இருப்பவள்