சகலை ஊட்டு ஆம்ப்

நவ. 9, ஞாயிறு
காலைல இருந்து தூறல். லீவு. எர்த் குழியில உப்பு, கரி போட்டு தண்ணி ஊத்தினேன். பாட்டு செட்டு ஆம்ப்ளிஃபயர்ல இரைச்சல் அப்படியேதான். ஒயர் மாத்தியாச்சு, ஷீல்டு கேபிளும் போட்டாச்சு. பாட்டு நின்னா போதும், ஊடு பூரா "ம்ம்ம்"னு முனகல்.

சாயங்காலம் பொண்டாட்டியோட ஆரம்பாக்கம், சகலை ஊட்டுக்கு. சகலை தயாளன் புது செட் வாங்கிக்கிறான். பாட்டு முடிஞ்சா கப்சிப். மல்லிகா கண்ண மூடிக்கினு கேட்டா. கல்யாணம் ஆன புதுசுல என் செட்டு முன்னாடிதான் அப்படி உக்காருவா. திரும்பி வரும்போது வண்டியில சொல்றா, கம்பெனி எலக்ட்ரீசியன் ஊட்ல இரையுதாம், நெல்லு போடறவரு ஊட்ல சுத்தமா பாடுதாம். வயிறு எரியுது, வேற இன்னா.

நவ. 11, செவ்வாய்
மழை. கம்பெனில ஒரு மோட்டார் காலி. வாங்க வேண்டியது: இன்சுலேஷன் டேப், கொசுவத்தி, மல்லிகாவுக்கு தைலம்.
டீ டைம்ல போன்ல பார்த்தேன். எர்த் பாக்ஸ்னு ஒண்ணு விக்கிறான், ஆம்ப்ல மாட்டினா இரைச்சல் போவுமாம். விலைய பார்த்து மூடிட்டேன். தயாளன் அத வாங்கிட்டானோ? அவனையே கேக்கலாம், மானம் போவும்.
ஞாயித்துக்கிழமை தங்கச்சி ஊட்டுக்குப் போலாமான்னா மல்லிகா. பாட்டு கேக்கவாம்! நம்ம ஊட்ல இன்னா, தகர டப்பாவா இருக்குது?

நவ. 16, ஞாயிறு
நல்ல மழை. ஆரம்பாக்கம். கொழுந்தியா அமுதா தரை துடைச்சிக்கினு இருந்தா. ஆம்ப்ப நகர்த்தினவ கைய உதறினா. "எப்பவும் சுர்ருங்கும் மாமா, பழகிப்போச்சு."
டெஸ்டர் வெச்சேன். எரிஞ்சிது. பிளக்க பிடுங்கினா எர்த் பின் இல்ல, தயாளன் அறுத்து எடுத்துக்கிறான். இரைச்சல் போறதுக்கு கடைக்காரன் சொன்ன வழியாம். எனக்கு அவ்ளோ சந்தோஷம். அப்புறம்தான் ஈரத் தரை, அமுதாவோட வெறுங்கால் எல்லாம் கண்ணுல பட்டுது.

வண்டியில இருந்த புது பிளக்க, எர்த் பின்னோட, மாட்டினேன். ஆன் பண்ணா அவன் ஊட்லயும் அதே "ம்ம்ம்". எர்த் இல்லாம ஓட்டினா ஒரு நாள் உயிர் போவும்னு எடுத்துச் சொன்னேன். தயாளன் மூஞ்சி தொங்கிப்போச்சு. நல்லா இருந்த செட்டுன்னு அதையே சொல்லிக்கினு இருந்தான்.

மெயின் ரோடு வந்ததும் மல்லிகா கேட்டா, "உண்மைய சொல்லு. பொறாமையில தானே பண்ணே?"
இல்லன்னேன்.
அங்க இரைச்சல் கேட்ட உடனே நான் சிரிச்சேனாம். பார்த்துட்டாளாம்.