செருப்புக்குள் ஒரு கல்

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். உங்கள் மூட்டு வலி இப்போது தேவலையா?

இடுப்பு ஆபரேஷனில் நரம்பு அடிபட்டதிலிருந்து உங்கள் பிள்ளையின் வலது பாதம் மரக்கட்டையாகவே இருந்தது. காயம் பட்டாலும் அவருக்குத் தெரியாது. தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சலவைக்கூடத்துக்கு வேலைக்குக் கிளம்புவேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பஸ் வருகிற நேரம் பார்த்து நின்றுவிட்டார்.

“செருப்புக்குள்ள கல்லு. குத்துது.”

“குத்தினா குத்தட்டும், வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. “எந்தக் கால்ல?”

“வலதுலதான்டி” என்றவர், சட்டென்று என்னையே பார்த்தார்.

நடைபாதையிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். மிளகளவு கல். பஸ் போய்விட்டது, நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

நரம்பு விழிக்கிறது, ஆனால் முழுசாகச் சரியாகுமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு இதுவே போதும் அத்தை.

காலில் மாட்டும் பட்டை உரசாமல் சுற்றிவிட, உங்கள் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்புங்கள். போனில் அவரிடம் பேசி முடித்ததும் வைத்துவிடாதீர்கள். “நீ சாப்பிட்டியா?” என்று என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு அதெல்லாம் கேட்கத் தெரியாது.

வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மருமகள்