உன் வண்டியின் கண்ணாடியைத் திருப்பியது அம்மாதான்

என் எஸ்தர் கண்ணுக்கு,

உன் வண்டி மறுபடியும் ஓடுகிறது. இதை வேறு யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரியாக என் முகத்தைப் பார்க்கிறார்கள். உனக்கு மட்டும்தான் இது நல்ல செய்தியாக இருக்கும் என்று நினைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரில் இன்னமும் கேட்கிறார்கள், கண்ணு. சர்ச் வாசலில், மார்க்கெட்டில், பஸ் ஸ்டாப்பில். "பைக்ல இருந்து விழுந்துட்டாங்களாமே?" இல்லைங்க, பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள், தலை வலிக்கிறது என்றாளாம், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பாதிப் பேர் நம்புவதில்லை. பொம்பளைப் பிள்ளைக்குப் பெரிய வண்டி வாங்கிக் கொடுத்தவன், வேறென்ன சொல்வான் என்பதுபோலப் பார்க்கிறார்கள். காஷ்மீர் வரைக்கும் தனியாகப் போய்த் திரும்பியவள் நீ. ஸ்டாஃப் ரூம் நாற்காலியிலிருந்து உன்னால் எழுந்து வர முடியவில்லை. இதை நானே நம்புவதற்கு எத்தனை நாள் ஆயிற்று!

ஆம்புலன்சில் உன் தலைமாட்டில் நான்தான் இருந்தேன். மலை இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உன் தலை ஒரு பக்கமாகச் சாயும். இரண்டு கையாலும் தாங்கிக்கொள்வேன். அதே வளைவுகளில் வண்டியைச் சாய்த்துத் திருப்பும் சுகத்தைப் பற்றி நீ சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு கையாலேயே காட்டுவாயே! பர்லியார் தாண்டியதும் என் கையில் உன் தலையின் கனம் மாறியது. எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா முன்சீட்டில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். மேட்டுப்பாளையம் வரும்வரையாவது ஜெபிக்கட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. நான் செய்தது சரிதானா, கண்ணு?

அதன்பிறகு உன் வண்டியை வீட்டுப் பக்கத்து ஷெட்டில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். அம்மா அந்தப் பக்கமே போவதில்லை. ஷெட்டைப் பார்த்திருக்கும் சமையலறை ஜன்னலையும் சாத்திவிட்டாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, அதை ஆருக்காச்சும் குடுத்துருங்க. ரோட்டுல அந்த மாதிரி வண்டிச் சத்தம் கேட்டாலே, அவ வந்துட்டான்னு எந்திரிச்சுப் போயிக் கதவைத் தொறந்துடறேன்."

கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். உன் சிநேகிதி சரண்யாவுக்குக் கொடுப்பதாக முடிவும் செய்தோம். ஆனால் போன மழைக்காலத்தில் காற்றடித்துத் தார்ப்பாய் பறந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால், செயின் முழுக்கத் துரு. தொட்டால் விரலில் செம்மண் போல ஒட்டியது. அந்தச் செயினை நீ எப்படி வைத்திருந்தாய்! சனிக்கிழமை மத்தியானம் என் பல் துலக்கும் பிரஷைக் காணோம் என்றால், மண்ணெண்ணெயில் முக்கி அதைத் தேய்த்துக்கொண்டிருப்பாய். "புது பிரஷ் வாங்கித் தர்றேம்ப்பா" என்பாய். வாங்கித் தந்ததும் இல்லை.

யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. உன் படங்களுக்காக அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டே வருகிறேன். அதில் செயினைப் படம் எடுத்து, வண்டி ஓட்டும் உன் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "இதைச் சரி செய்ய முடியுமா?" என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த நிமிஷமே சரண்யா கூப்பிட்டாள். அழுதுகொண்டே பேசினாள். "அங்கிள்... குரூப்புல அவ பேர்ல மெசேஜ் வந்துதுங்களா... அவதான் அனுப்பிட்டான்னு ஒரு நிமிசம் நெனச்சுட்டேனுங்க அங்கிள்." அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, அதெல்லாம் சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழமை வர்றேனுங்க" என்றாள்.

சொன்னபடி கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்தாள். குழுவில் பார்த்துவிட்டு, கூடலூரிலிருந்து உன் நண்பன் ரஃபீக்கும் வந்துவிட்டான். இருவருமே மெக்கானிக் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவள் பேங்கில் இருப்பவள், அவன் தைலக்கடை வைத்திருப்பவன். சொந்த வண்டிக்குச் சொந்தமாக வேலை பார்த்துப் பழகிய கைகள், அவ்வளவுதான். வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டுவிடலாமே என்று நான்தான் கேட்டேன். ரஃபீக் சிரித்துக்கொண்டே தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னான். "வேண்டாம் அங்கிளே. எஸ்தர் இந்த வண்டிய வேறொரு ஆளத் தொட விட்டிட்டுண்டா? நீங்க பண்ணுங்க, நாங்க கூட இருக்கோம். ஒண்ணும் பேடிக்கண்டா, பயப்படாதீங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் வந்தார்கள். எஸ்டேட்டில் வேலையில் இருந்தபோது கம்பெனி கொடுத்த பைக்கை ஓட்டியவன்தான் நான். ஆனால் அதில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியதில்லை. கெட்டுப்போன பெட்ரோலை டேங்கிலிருந்து இறக்கினோம். செயின் தேறாது என்று புதிது போட்டோம். முன் பிரேக் இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றும்போது சந்தேகம் வந்து குழுவில் கேட்டால், மதுரையிலிருந்து முகம் தெரியாத ஒருவர் தன் வண்டியின் பிரேக்கைக் கழற்றி, வீடியோ எடுத்து அனுப்பினார். கடைசியில், "அங்கிள், எஸ்தர் அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் இது" என்று எழுதியிருந்தார். ஷெட்டுக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அழுக்கை எடுப்பது எனக்குச் சிரமமாக இல்லை, கண்ணு. சிரமம் வேறு இடத்தில் இருந்தது. அந்த வண்டி முழுக்க நீ இருந்தாய். குட்டையான உன் காலுக்காகச் சீட்டை வெட்டித் தாழ்த்தியிருந்தாய். பிரேக் பிடி உன் சின்ன விரல்களுக்கு எட்டும்படி உள்ளே இழுத்து வைக்கப்பட்டிருந்தது. பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் உன் எடைக்குத் தகுந்தபடி. நான் ஏறி உட்கார்ந்தால், அது மூச்சு வாங்குவதுபோல அமுங்கியது.

"மாத்தணுங்க அங்கிள். உங்க வெயிட்டுக்கு இப்படி ஓட்டுனா வளைவுல இழுத்துட்டுப் போயிரும்" என்றாள் சரண்யா.

"நான் ஓட்டப் போறதில்லையே அம்மா. உனக்குத்தானே வண்டி?"

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "எனக்கு வேண்டாங்க. என்ற வண்டி இருக்குது. இது உங்ககிட்ட இருந்தாத்தான் நான் இங்க வர முடியும்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஷாக்கை நானே திருகினேன். ஒவ்வொரு பல்லாக அது ஏறும்போது, உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைப்பதுபோல இருந்தது. பிரேக் பிடியை என் விரலுக்கு நகர்த்தினேன். சீட்டை மட்டும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முழங்கால் இடித்தால் இடிக்கட்டும்.

புது பேட்டரி போட்டு முதன்முதலாக இன்ஜினைக் கிளப்பிய நாளைச் சொல்கிறேன். இரண்டு முறை இருமிவிட்டு, சட்டென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம்! ஷெட் தகரமெல்லாம் அதிர்ந்தது. அதே நேரம் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அம்மா ஓடிவந்து வாசலில் நின்றாள். கையெல்லாம் சப்பாத்தி மாவு. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் முகத்தில் இருந்ததை உனக்கு எழுத என்னிடம் வார்த்தை இல்லை. பிறகு சீட்டில் உட்கார்ந்திருப்பது நான் என்று அவளுக்குத் தெரிந்தது.

சரண்யா பதறிப்போய்ச் சாவியைத் திருப்பக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும் சாமி. அணைக்காதே" என்றாள் அம்மா. தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்று கேட்டாள். இன்ஜின் சூடாகிச் சத்தம் தணிந்து ஒரே சீராக வரும்வரைக்கும் நின்றாள்.

ரஃபீக்தான் சொன்னான். "அங்கிளே, கண்ணாடி. அதையும் சரி பண்ணிடுங்க. பின்னாடி லாரி வந்தா அறியில்ல."

கண்ணாடியைப் பார்த்தேன். என் சட்டைப் பொத்தானும் முழங்கையும் தெரிந்தன. உன் கண் இருந்த உயரத்துக்கு நீ கடைசியாகத் திருப்பி வைத்தது. அதற்குப்பின் யாரும் தொடவில்லை. ஷாக்கைத் திருகியவன், பிரேக்கைக் கழற்றியவன் நான், ஆனால் ஒரு விரலால் தள்ளினால் நகரும் கண்ணாடியை என்னால் தள்ள முடியவில்லை. கை போய்ப் போய்த் திரும்பி வந்தது. இரண்டு பிள்ளைகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா படியிறங்கி வந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். அத்தனை மாதங்களில் முதன்முறையாக உன் வண்டியின் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து மெல்லத் திருப்பினாள்.

"இப்பத் தெரியுதுங்களா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"தெரியுது" என்றேன். பின்னால் இருந்த ரோடு தெரிந்தது. கண்ணாடியின் ஓரத்தில் அவள் முகமும் தெரிந்தது.

"பின்னாடி வர்றது தெரியாம நீங்களும் போயிட்டீங்கன்னா, அப்பறம் நான் ஆரோட இருக்கறதுங்க?" என்று கேட்டாள். அடுத்த பக்கத்துக் கண்ணாடியையும் அவளே திருப்பிவிட்டு, உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எல்லோருக்கும் சப்பாத்தி போட்டாள். நாங்கள் நால்வரும் சேர்ந்து சாப்பிட்டோம். ஜன்னலை அவள் திறந்து வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

முதலில் வீட்டைச் சுற்றி ஓட்டினேன். பிறகு ஊட்டி வரைக்கும் போய்வந்தேன். போன வாரம் ரஃபீக் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தான். கூடலூர் வரைக்கும் தனியாகக் கிளம்பிவிட்டேன். பைக்காராவில் நல்ல வெயில். நடுவட்டம் தாண்டி இறக்கத்தில் போகும்போது, கிளட்ச் பிடி திடீரென்று தொளதொளவென்று ஆகிவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு, தேயிலைத் தோட்டத்து ஓரமாக எப்படியோ நிறுத்திவிட்டேன். கேபிள் அறுந்திருந்தது. போனில் சிக்னல் இல்லை. எனக்கு வேர்த்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில், பெட்டியெல்லாம் கட்டிய ஒரு வண்டி என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. என் வயதுக்குச் சற்றுக் குறைந்தவர். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஏனுங்க, என்ன ஆச்சுங்க?"

சொன்னேன். ஈரோட்டுக்காரராம். குனிந்து கைப்பிடியிலிருந்து கேபிள் போகும் வழியை விரலால் தடவிக்கொண்டே வந்தவர், "அட, கவலையே இல்லீங்க! இங்க பாருங்க" என்றார்.

பார்த்தேன். அறுந்த கேபிளை ஒட்டியே இன்னொரு கேபிள் ஓடியது. புதிது. அறுந்தால் உடனே மாற்றிக்கொள்ளக் கூடவே கட்டி வைத்தது. கறுப்பு டேப்பை நெருக்கமாகச் சுற்றி, முனைகளில் ஈரம் புகாமல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மூவர் கண்ணிலும் படவில்லை. இரண்டும் ஒரே கேபிள் என்றே நினைத்திருந்தோம்.

"தூரப் பயணம் போறவங்கதான் இப்படிக் கட்டுவாங்க. விவரமான ஆளுங்க. ஆருங்க கட்டுனது?"

"என்ற புள்ளதானுங்க."

டேப்பை வெட்டக் கத்தி கொடுத்தார். கொஞ்சம் தயங்கினேன். நீ சுற்றியது. பிறகு ஒவ்வொரு சுற்றாக, கிழியாமல் கையாலேயே பிரித்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். எந்த முனையை முதலில் மாட்டுவது, எவ்வளவு தளர்வு விடுவது என்று அவர் சொல்லச் சொல்ல நானே மாட்டினேன். பிடியை அழுத்தினேன். உறுதியாக நின்றது.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "புள்ள வரலீங்களா?"

வழக்கமாகச் சொல்லும் பதில் தொண்டை வரை வந்தது. ஸ்டாஃப் ரூம், நாற்காலி, ரத்தக்குழாய். அந்த வெயிலில், அந்த ரோட்டில், அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"முன்னாடி போயிட்டாளுங்க" என்றேன்.

"அப்படீங்களா! சரி, நீங்க அவசரப்படாம, பார்த்துப் போங்க. எங்கியாச்சும் வண்டிய நிறுத்திட்டு உங்களுக்காகப் பார்த்துட்டுத்தான் இருப்பாங்க" என்று சொல்லி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் வளைவில் மறையும்வரை நின்றேன். பிறகு ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டு அழுதபடியே கூடலூருக்கு இறங்கினேன். கடைசிவரைக்கும் அவசரப்படவில்லை, கண்ணு.

இனி இந்த வண்டி வேறு யாருக்கும் போகாது. இதற்கு ஆக வேண்டியதை நானே பார்ப்பேன். தெரியாததை உன் சிநேகிதர்களிடம் கேட்டுக்கொள்வேன். நீ கட்டி வைத்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. புதுக் கேபிள் வாங்கியாயிற்று. நாளைக்கு அம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். உன் அளவுக்கு நெருக்கமாகச் சுற்ற வராது. ஆனாலும் அவிழாமல் கட்டுவேன்.

மெதுவாகத்தான் வருவேன். பார்த்துக்கொண்டிரு, சாமி.

உன் பின்னால் வந்துகொண்டிருக்கும்
உன் அப்பா