எந்தத் திதி என்று ஐயர் கேட்டார்

என் அன்பு அப்பப்பா,

உங்கள் முதல் வருஷ ஆட்டைத் திவசத்தை முடித்துவிட்டுப் போன கிழமைதான் லண்டனுக்குத் திரும்பினேன். அங்கே நடந்ததை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று எடுப்பார்கள். நீங்கள் அப்படி எடுக்கமாட்டீர்கள். உங்கள் மகனை உங்களுக்குத் தெரியாதா?

அப்பா கனடாவிலிருந்தும், உங்கள் மகள் மாமி பிரான்ஸிலிருந்தும், நான் இங்கிருந்தும் போய்ச் சேர்ந்தோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கண்டவுடனே மாமி கட்டிப்பிடித்து அழுதார். அப்பா பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு முன்னே நடந்துவிட்டார். வாடகைக்குப் பிடித்த வானுக்குள் மூவரும் சாப்பாட்டைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் வெய்யிலைப் பற்றியும் ஓயாமல் கதைத்தோம். உங்களைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. வேலணை தாண்டி, புங்குடுதீவுக்குப் போகும் பாலத்தில் வான் ஏறியதும், "பிள்ளை, கண்ணாடியை இறக்கு" என்றார் அப்பா. உப்புக் காற்று முகத்தில் அடித்தது.

கூரை போன வீடு, கதவு போன வீடு, புதிதாகப் பூச்சடித்துப் பெரிய பூட்டுப் போட்ட வீடு என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இறுப்பிட்டியில் நம் ஒழுங்கையில் இப்போது விளக்கெரிவது செல்வராணி அக்காவின் வீட்டில் மட்டும்தான். உங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்து தந்தவர் இருக்கும் அந்த வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் வெறும் வளவுகள். நான் நம் சமையல் குசினி வாசலில் நின்று அவரைப் பெயர் சொல்லிப் பலமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன், அப்பப்பா. அவருக்குக் கேட்கவில்லை.

எங்கள் யாரோடாவது வந்து இருந்திருக்கலாமே? இதை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன். "அங்க வந்து நான் என்ன செய்யிறது? சன்னலுக்குள்ளால ஸ்னோ பாக்கிறதோ? நீர் உம்மட வேலையைப் பாரும், நீதவான்" என்று போனில் சிரிப்பீர்கள். சின்ன வயதில் உங்களை நான் குறுக்கு விசாரணை செய்த தொல்லையால் நீங்கள் வைத்த பட்டம் அது. உங்களுக்குப் பிறகு அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட ஆளில்லை.

அடுத்த நாள் காலை ஐயர் வந்தார். உங்களுக்குத் தெரிந்த ஐயர் இல்லை, அவரும் போய்விட்டார். இவர் நயினாதீவிலிருந்து வந்து கோயிலைப் பொறுப்பெடுத்திருக்கும் இளம் ஆள். விறாந்தைக் கதிரையில் இருந்து பஞ்சாங்கத்தை விரித்தபடி, "அப்பு மோசம்போன திதி என்ன?" என்று கேட்டார்.

அப்பா மரணச் சான்றிதழை நீட்டினார். ஐயர் திகதியைப் பார்த்துவிட்டுப் பக்கம் புரட்டினார்.

"வளர்பிறைத் துதியை" என்றார். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "குறை நினையாதேங்கோ. சனம் கதைச்சதால கேக்கிறன். இது மோசம்போன நாளோ, கண்ட நாளோ?"

அப்பா சான்றிதழைத் திருப்பி வாங்கி மடித்தார். மாமி எழுந்து உள்ளே போய்விட்டார்.

இதைப் பற்றி ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுக் கதைத்ததில்லை. இன்று உங்களுக்கே சொல்கிறேன். செல்வராணி அக்கா மகளின் பிள்ளைப்பேறு பார்க்க வவுனியா போயிருந்தார். திரும்பி வந்து படலையைத் திறந்தபோது நீங்கள் குசினி வாசலில் விழுந்து கிடந்தீர்கள். உயிர் போய்ச் சில நாள் ஆகிவிட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மரணத்தைப் பதிய வந்தவர் உங்களைக் கண்ட நாளையே எழுதினார். வைத்திருக்க ஏலாது என்று அன்று பின்னேரமே எரித்தார்கள். கொள்ளி வைக்க வேண்டிய மகன் அந்த நேரம் விமானத்தில் இருந்தார். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வைத்தார்.

ஐயர் தணிவாகத்தான் சொன்னார். "திதி தெரியாட்டி அமாவாசையில செய்யலாம். அதுக்கு இடமிருக்கு. துதியைக்கு ரெண்டு நாள் முந்தி அமாவாசை வருது. அண்டைக்குச் செய்வம்."

அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அமாவாசை ஆருக்கு? கடலில போய் உடம்பு கிடைக்காத ஆக்களுக்கு. எங்க எண்டு தெரியாமல் காணாமல் போன ஆக்களுக்கு. எங்கட அப்பு சொந்த வீட்டில மோசம்போனவர். ரெண்டு பிள்ளையளைப் பெத்து ஆளாக்கினவர். அவருக்கு அமாவாசையோ?"

"நாள் கிடக்கு. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று ஐயர் எழும்பிப் போனார்.

அப்பாவின் கோபம் எனக்கு விளங்கியது. ஒரு திதியைச் சொல்லிவிட்டால் நீங்கள் பிள்ளைகள் உள்ள மனிதராகப் போய்ச் சேர்ந்தவர். அமாவாசை என்று ஒப்புக்கொண்டால், அப்பன் செத்த நாள் தெரியாத மகன் என்பதை ஒவ்வொரு வருஷமும் ஐயருக்கு முன்னால் இருந்து அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். சாகும்வரை அதிலிருந்து தப்ப ஏலாது.

அன்று பகல் முழுக்க அண்ணனும் தங்கையும் சண்டை.

"ஏகாதசியண்டு என்னோட கதைச்சவர் அண்ணை. விரதம், பால் மட்டும்தான் குடிச்சனான் எண்டவர்."

"பிறகு நீ ஏன் போன் எடுக்கேல்லை?"

"நீங்கள் எடுத்தனீங்களோ?"

அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "ஞாயிற்றுக்கிழமை எடுத்தனான். போன் வேலை செய்யேல்லை. சார்ச் போட மறந்திட்டாராக்கும் எண்டு விட்டிட்டன்."

எனக்கு இருவரையும் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நானும் எடுக்கவில்லைத்தானே. சரி, நீதவான் என்று பெயர் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது என்று மறுநாள் காலை விசாரணையில் இறங்கினேன். சந்திக் கடைக்காரர், "கடைசியா ஒரு றாத்தல் பாண் வாங்கினவர், எண்டைக்கெண்டு நினைவில்லை" என்றார். தண்ணீர் லொறியில் வரும் பவுசர்காரர், படலையடியில் நின்ற உங்கள் தண்ணீர்க் கானைத் தான் நிரப்பிவிட்டுப் போனதாகவும், அடுத்த முறை வந்தபோதும் அது நிரம்பியபடியே நின்றதாகவும் சொன்னார். "ஐயாவுக்குத் தண்ணி போதுமாக்கும் எண்டு நினைச்சன் தங்கச்சி" என்றார். அது எந்த நாள் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவரோடு கோபிக்க எனக்கு என்ன தகுதி?

திரும்பி வரும் வழியில்தான் கலண்டர் நினைவுக்கு வந்தது. காலையில் முகம் கழுவியதும், தேத்தண்ணிக்கு முதல், சாமியறைச் சுவரில் தொங்கும் நாட்கலண்டரின் தாளைக் கிழிப்பீர்கள். வேறு யாரையும் தொட விடமாட்டீர்கள். கிழித்துவிட்டு, அன்றைய திதியையும் நல்ல நேரத்தையும் ஆளில்லாத வீட்டுக்குப் பலமாக வாசிப்பீர்கள். போன் எடுத்தால் சுகம் விசாரிக்க முதல், "இண்டைக்குச் சதுர்த்தி" என்றுதானே தொடங்குவீர்கள்? கடைசியாக நீங்கள் எழும்பிய காலை அந்தக் கலண்டரில் நிற்க வேண்டும்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். போன வருஷக் கலண்டர் ஆணியில் அப்படியே தொங்கியது. அதில் நின்றது உங்களைக் கண்ட நாள். துதியை.

கழற்றிக்கொண்டு வந்ததும் அப்பா அதை என் கையிலிருந்து பறித்தார். "பாத்தியோ! அண்டைக்குக் காலமை எழும்பிக் கிழிச்சிருக்கிறார். அண்டைக்குத்தான் போனவர். டொக்டருக்கு என்ன தெரியும்? இஞ்ச வா, வந்து பார், அப்புவே நாள் காட்டிப்போட்டார்!" என்று மாமியைக் கூப்பிட்டார். ஊருக்கு வந்தபிறகு அவர் சிரித்தது அப்போதுதான். கலண்டரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். டொக்டர் சொன்னது எனக்கும் தெரியும், நிரம்பிய கானும் தெரியும். இருந்தும் நம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு ஆசையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டோடு செல்வராணி அக்கா வந்தார். கலண்டரைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணை அது?"

அப்பா சொன்னார். ஐயரைக் கூப்பிடப்போவதாகவும் சொன்னார்.

செல்வராணி அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தை மெல்ல நிலத்தில் வைத்தார். "அண்ணை, அது அப்பு கிழிச்சதில்லை. நான் கிழிச்சது."

பிறகு அவரே சொன்னார். "சனம் வரப்போகுது எண்டு வீட்டைக் கூட்டினனான். கலண்டர் பிந்திக் கிடந்தது. வாறவை அதைப் பாத்தால் என்ன சொல்லுவினம்? இத்தினை நாளும் பிள்ளையள் ஒருத்தரும் தேடேல்லை எண்டு ஊரெல்லாம் கதைக்குங்கள். அதுதான் அண்டைய நாள் வரைக்கும் கிழிச்சு அடுப்பில போட்டனான். உங்கட மானத்துக்காகத்தான் அண்ணை. சொல்லாமல் விட்டிருப்பன். திவசத்துக்குப் பொய் நாள் குடுக்க ஏலாது."

"எத்தனை தாள் அக்கா?" என்று கேட்டேன்.

"எண்ணேல்லைப் பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு கிழிச்சனான். பாக்கப் பயமா இருந்தது."

நீங்கள் விட்டுப்போன ஒரே சாட்சி, அப்பப்பா. எங்களைக் காப்பாற்ற ஒரு நல்ல மனுஷி அதை எரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. பிள்ளைப்பேறு பார்க்கப் போன மனுஷி, திரும்பி வந்து உங்களை அந்தக் கோலத்தில் கண்டு, அந்த நேரத்திலும் எங்கள் மானத்தை யோசித்திருக்கிறார். மாமி போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள்.

அப்பா அழவில்லை. கலண்டரைக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினார். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். அந்த உவர்த் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து, "வா பிள்ளை, கோயிலுக்குப் போட்டு வருவம்" என்றார்.

ஐயர் கோயில் வாசலில் நின்றார். அப்பா செருப்பைக் கழற்றினார்.

"அமாவாசையில செய்வம் ஐயா."

"ஓம், அப்பிடியே செய்வம்."

ஐயர் வேறு எதுவும் கேட்கவில்லை. இருந்தும் அப்பா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "எங்களுக்குத் தெரியாது ஐயா" என்றார். "எங்கட அப்பு எண்டைக்குப் போனவர் எண்டு எங்களுக்குத் தெரியாது." அப்போதுதான் அழுதார். கோயில் வாசலில் நின்று, சின்னப் பிள்ளை அழுவதுபோல் சத்தமாக அழுதார். நான் என் அப்பாவை அப்படிப் பார்த்ததில்லை.

அமாவாசையன்று எல்லாம் முறையாக நடந்தது. மாமியும் செல்வராணி அக்காவும் சமைத்தார்கள். உங்களுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலும் பயற்றம் பணியாரமும் இருந்தன. அப்பா ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் இறைத்தார். திதி சொல்லும் இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் தட்டுப்பட்டது. காகத்துக்கு வைத்த சோற்றைத் தேடி வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. சோறு வைக்க ஆளில்லாத ஊரில் காகம் எங்கே நிற்கும்? கடைசியில் ஒன்று வந்தது. அது நீங்கள்தானா? எங்களில் கோபமா? விழுந்து கிடந்தபோது யாரைக் கூப்பிட்டீர்கள்?

திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் மாமியை முதலில் அனுப்பினோம். பிறகு அப்பாவின் நேரம் வந்தது. அம்மா போனபிறகு அவர் ரொறொன்ரோவில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாகத்தான் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய கதவுக்கு உள்ளே சங்கிலியும் உண்டு. என்னோடு வந்து இருக்கச் சொன்னால், உங்களைப் போலவே ஏதாவது பகிடி சொல்லிக் கதையை மாற்றிவிடுவார்.

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "பிள்ளை, நீ எனக்கு எண்டைக்கு எண்டைக்குப் போன் எடுக்கிறனீ?"

"ஞாயிற்றுக்கிழமையில அப்பா."

அவர் தலையாட்டினார். "நானும் அப்புவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் எடுத்தனான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்பப்பா, வந்தவுடன் ரொறொன்ரோவில் உள்ள தமிழ்க் கடையொன்றில் சொல்லி அப்பாவுக்கு ஒரு நாட்கலண்டர் அனுப்பிவைத்தேன். குசினிச் சுவரில் மாட்டியிருக்கிறார். அவருக்கு விடியும் நேரம் பார்த்து நான் ஒவ்வொரு நாளும் எடுக்கிறேன். "உனக்கு வேலையில்லையோ" என்று ஏசுகிறார். ஏசிவிட்டுத் தாளைக் கிழிக்கிறார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. பிறகு, "இண்டைக்குச் சஷ்டி" என்று வாசிக்கிறார். அவர் குரல் அப்படியே உங்களுடைய குரல்.

உங்களுக்கு நாங்கள் செய்யத் தவறியதை இனி யாராலும் செய்ய ஏலாது. ஆடி வந்தாலும் தை வந்தாலும் உங்களுக்கு அமாவாசைதான். ஆனால் ஒன்றை மட்டும் உங்கள்மேல் சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு நாள் ஐயர் ஒருவர் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அப்பாவின் திதியைக் கேட்பார். அன்றைக்கு நான் தடுமாறமாட்டேன்.

உங்கள் மகனின் மகள்,
நீதவான்