டாக்டர் பாட்டு

பிப்ரவரி 9, வியாழன்

பனி. காலை முழுக்க எதிர்வீடு தெரியவில்லை. புளி வரத்து குறைவு, கூட்டுறவு சொசைட்டியில் வேலை இல்லை. மத்தியானமே வீட்டுக்கு.

ஸ்வெட்டர் தேடி டிரங்குப் பெட்டியைக் குடைந்தால் அடியில் அந்த கேசட். வேலூரில் படித்தபோது ரிக்கார்டிங் கடையில் பதிந்தது. இங்கிலீஷ் ராக். அந்தக் குழுவின் மற்ற இசைத்தட்டுகளுக்குக் காலேஜே ஆடும். இதை மட்டும் ஒரு பயல் சீண்டமாட்டான். தூங்குமூஞ்சி ஆல்பம் என்பார்கள். கடைக்காரரே வேறு எடுத்துக்கொள் தம்பி என்றார். எனக்கு அதுதான் உயிர். அப்புறம் வேலை, சரோஜாவோடு கல்யாணம், மலைக்கு மாற்றல். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. வெட்கம்.

ஒரே பூஞ்சை. பஞ்சால் துடைத்து, பென்சில் விட்டுச் சுற்றி, டேப்ரிக்கார்டரில் போட்டேன். ஓடியது! அடுத்து எந்த இடத்தில் டிரம் விழும் என்று விரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைசிப் பாட்டுதான் பாட்டு. கிடார் ஏறி ஏறிப் போய், உச்சியில் டக்கென்று நின்றுவிடும். முடிக்காமல் முடிப்பது. அந்தத் தைரியம் வேறு எவனுக்கு வரும்? ஹாஸ்டலில் இதைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை.

சரோஜா பக்கத்திலேயே உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். படவேட்டில் கோயில் மைக்செட் கேட்டு வளர்ந்தவள், இவளுக்கு இதெல்லாம் எங்கே என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 11, சனி

பேட்டரி 4. மண்ணெண்ணெய். சரோஜாவுக்குத் தலைவலித் தைலம். கீழே போகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்து அதே கேசட். வாசலில் புது மாட்டு டாக்டர், வாயைப் பிளந்துகொண்டு. போன மாதம்தான் வந்தவர். கல்யாணம் ஆகவில்லை. "சார், இந்த ஆல்பத்தக் கேக்கற ஆளு இந்த மலையில இருக்காரா?" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஐந்து நிமிஷம். அப்புறம் ஆரம்பித்தார். டிரம் அடித்தவன் யார், எதனால் சண்டை வந்து பிரிந்தார்கள், இதை எந்த ஊர் ஸ்டூடியோவில் செய்தார்கள். எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. தன்னிடமும் இருக்கிறதாம், இரண்டு பெரிய ஸ்பீக்கர் இருக்கிறதாம், வரச் சொன்னார்.

என் இலையில் கை வைத்த மாதிரி இருந்தது. போகமாட்டேன்.

பிப்ரவரி 13, திங்கள்

வெயில் சுள்ளென்று. டாக்டர் ஸ்பீக்கரில் தினமும் அதே ஆல்பம். பாதி ஊருக்குக் கேட்கிறதாம். நல்லவேளை, எங்கள் வீடு வரை எட்டவில்லை.

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே, நானும் டாக்டர் பாட்டுதான் கேட்கிறேனாமே என்றார். டாக்டர் பாட்டாம்! அது ஏழெட்டு வருஷமாக என்னிடம் இருக்கிற பாட்டு என்று சொன்னேன். "இருக்கட்டும் சார். அவருது கணீர்னு கீது. உங்குளுது கொசு கத்தற மாதிரி கீது."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். வயிற்றெரிச்சல்தான். வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 15, புதன்

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் சரோஜா பாத்திரம் தேய்த்துக்கொண்டே முணுமுணுத்தாள். கடைசிப் பாட்டு. என் பாட்டு. விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டேன். அந்த உச்சி வந்தது. நான் விரலை நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. மெல்ல இறங்கி, ஒரு வளைவு வளைந்து, இன்னும் போனாள். என் கேசட்டில் அப்படி ஒன்று கிடையாது.

அப்படியானால் பாட்டு அங்கே முடியவில்லை. டேப்தான் தீர்ந்திருக்கிறது. ஹாஸ்டலில் அடித்த பிரசங்கமெல்லாம் நினைத்தால் காது சுடுகிறது. அது கிடக்கட்டும். மீதி இவளுக்கு எப்படித் தெரியும்?

கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள். தண்ணீர்க் குழாய் டாக்டர் குவார்ட்டர்ஸுக்கு எதிரில். பிடிக்கும்போது காதில் விழுமாம். ஒருநாள் அவர் ஜன்னலிலிருந்து, எப்படிம்மா இருக்கிறது என்று கேட்டாராம்.

"நீ இன்னா சொன்ன?"

"வூடு வரிக்கும் வந்துட்டு, கதவத் தட்டாம நிக்கற மாதிரி கீதுன்னு சொன்னேன்."

டாக்டர் அசந்துபோனாராம். நானும்தான். காட்டிக்கொள்ளவில்லை. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேட்டதே இல்லியே."

கடைசிவரை கேட்டிருக்கிறாயா என்றேன். இல்லையாம். அதற்குள் குடம் நிரம்பிவிடும், பின்னால் நிற்கிறவர்கள் விடமாட்டார்கள். நம்பலாம். நம்பத்தான் வேண்டும். அந்த ஆளுக்கு மீசை வேறு நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 16, வியாழன்

இனிமேல் தண்ணீர் நான் கொண்டுவருகிறேன் என்றேன். சரோஜா ஒரு மாதிரி பார்த்தாள். குழாயடியில் பெண்களுக்கு ஒரே சிரிப்பு. எல்லாரும் பிடித்துக்கொண்டு போகட்டும் என்று கடைசி ஆளாக நின்றேன். ஜன்னலில் பாட்டு வந்தது. என் டேப் தீருகிற இடத்தைத் தாண்டியது. குடம் வழிந்தது, நகரவில்லை. முழுக்கக் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் என்ன ஆகிறது என்று இங்கேகூட எழுதப்போவதில்லை.

டாக்டர் எட்டிப் பார்த்தார். எப்படி சார் என்றார். சுமார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாசலிலேயே சரோஜா. குடத்தை வாங்கி இறக்கினாள். "முழுசா கேட்டீங்களா? கடைசியில கதவத் தட்டுதா, இல்லியா?"

முகத்தில் அப்படி ஒரு ஆவல். கல்யாணம் ஆனதிலிருந்து என்னை அப்படிப் பார்த்து எதையும் கேட்டதில்லை. சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. தெரியாது என்றேன்.

"சரி வுடுங்க, டாக்டரயே கேட்டுக்கறேன்" என்றாள்.